நாலு விநாடி

கும்பிடுவது போல இருந்தது. கறுப்பும் வெளுப்புமாகப் புகை சுழன்ற திரையில் இரண்டு மெல்லிய கைகள் கூடின, பிரிந்தன, மறுபடியும் கூடின, யாரையோ விடாமல் கும்பிட்டுக்கொண்டிருந்தன. "அதுதாங்கம்மா உங்க வால்வு. நல்லாவே இருக்கு, கோளாறு அதுல இல்ல" என்றாள் இருதயத்தைப் படமெடுக்கும் எக்கோ அறையிலிருந்த இளம் டாக்டர். சம்பூரணம் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தபடி, மார்பில் பூசிய களிம்பின் குளிர் முதுகுவரை ஏற, கழுத்தைத் திருப்பி அந்தக் கைகளையே பார்த்தாள். கண்ணாடியில் இத்தனை வருடம் பார்த்ததெல்லாம் மூக்கும் நரையும் தோடு இழுத்துத் தொங்கிய காதும்தானே. இது வேறு ஆள். இந்த ஆளுக்கு முகம் இல்லை. ஆனால் அவள் தூங்கியபோதெல்லாம் தூங்காமல் இருந்தது இந்த ஆள்தான். அவள் மில்லுக்கு லீவு போட்ட நாட்களில் லீவு போடாதது, தங்கை பங்கஜத்தை எடுத்துக்கொண்டு போன அன்று அவள் சாப்பிடாமல் கிடந்தபோதும் தன் வேலையை நிறுத்தாதது. நிமிடத்துக்கு எழுபது என்றால் மணிக்கு நாலாயிரத்து இருநூறு, நாளைக்கு ஒரு லட்சம், அப்படியானால் எழுபத்தொரு வருடத்துக்கு, என்று போட்டுப் பார்த்த மனக்கணக்கு அதற்குமேல் திணறி உட்கார்ந்துவிட்டது. எண்ண முடியாத அளவுக்கு ஒருவர் உனக்காக ஒரு காரியம் செய்திருக்கிறார், ஒரு தடவைகூட நீ ஏன் என்று கேட்டதில்லை. "எந்திரிங்கம்மா, துடைச்சுக்குங்க" என்று டாக்டர் பஞ்சை நீட்டியபோது, அந்நியர் எதிரில் மார்பு திறந்து கிடக்கிற வெட்கம் தனக்கு வரவில்லை என்பதைச் சம்பூரணம் கவனித்தாள். கோயிலில் திரை விலகும்போது முந்தானை எங்கே இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்.

அது ஒன்பதரை மணிக்கு. இப்போது பத்தே முக்கால். பெரியாஸ்பத்திரியின் இருதய வார்டுக்கு வெளியே, மூன்று மூன்றாகச் சேர்த்துப் பிணைத்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பை, பைக்குள் மாற்றுப் புடவை இரண்டு, டம்ளர், சோப்பு, காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு நகல், எல்லாம் பிளாஸ்டிக் உறையில். எதையும் மறக்கவில்லை. ஸ்டெல்லா சிஸ்டர் ஒவ்வொரு காகிதமாகப் பார்த்து, தலையசைத்து, கடைசியில் நிமிர்ந்து கேட்டதுதான் பையில் இல்லாதது. "கூட யாரு வந்திருக்காங்க?" யாருமில்லை என்று சொல்வதற்கு ஒரு விநாடி தாமதித்தாள், தன் வீட்டு விலாசத்தை மறந்துபோனவள் மாதிரி. "தனியாத்தான் வந்தேங்க." "தனியா வந்தா எப்படிம்மா? நாளைக்குக் காலையில பேஸ்மேக்கர் வெக்கறாங்க. உள்ள போகும்போது வெளிய ஒருத்தர் நிக்கணும். மருந்து வாங்கியாரச் சொன்னா ஓடணும், ரத்தம் வேணும்னா ஓடணும். முதல்ல இந்தப் பாரத்துல கையெழுத்துப் போடணும். பன்னெண்டு மணிக்குள்ள ஆளைக் கூட்டியாங்க. இல்லைன்னா இந்த பெட்டை அடுத்தவங்களுக்குக் குடுக்க வேண்டியதாயிரும். அப்புறம் உங்க முறை வர மூணு வாரமாகும்." சிஸ்டர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். முப்பது பேருக்கு இரண்டு நர்ஸ் என்பது கண்ணுக்குத் தெரிகிறது; அந்த இரண்டு பேரும் ஓடுகிற ஓட்டத்தில் சம்பூரணத்துக்காக மூன்றாவதாக ஒருத்தி ஓட வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். நியாயமான ஒரு வாசலில் தன்னால் நுழைய முடியவில்லை, அவ்வளவுதான். பாரம் மடியில் இருக்கிறது. நோயாளியின் பெயர், வயது. உடனிருப்பவர் பெயர். நோயாளிக்கு என்ன உறவு. கையொப்பம். மேலே இரண்டு வரியை மணிமணியாக எழுதிவிட்டாள். கீழே மூன்று வரி வெள்ளையாக இருக்கிறது.

மூன்று வாரம். மூன்று வாரம் என்பது ஒன்றும் இல்லை, மூன்று வெள்ளிக்கிழமை, இரண்டு தடவை தண்ணீர் வருவது, ஒரு பாக்கெட் காப்பித்தூள். ஆனால் நாலு விநாடி என்பது எவ்வளவு என்று இப்போது தெரிந்துவிட்டதே. போன வாரம் மார்பில் வயர்களை ஒட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சின்னப் பெட்டி ஒன்றைச் சுமந்து திரிந்தாள். எந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள் என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். குறித்தாள். காலை ஆறு, வாசல் கூட்டினேன். ஏழு பத்து, காப்பி. அந்தப் பெட்டி பதிந்துவைத்ததையும் அவள் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், பென்சிலால் ஓர் இடத்தில் வட்டம் போட்டாள். "செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு பதினேழு. இங்க பாருங்கம்மா, நாலு செகண்டு உங்க இருதயம் அடிக்கலை. அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?" தாளில் பார்த்தார்கள். மூன்று மணி முதல் மூன்றரை: அவரைக்காய் நார் உரித்தேன். டாக்டர் சிரித்துவிட்டாள். சம்பூரணத்துக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று பதினேழுக்கு அவள் இல்லாமல் போயிருக்கிறாள். அவரைக்காய் இருந்திருக்கிறது, முறம் இருந்திருக்கிறது, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்திருக்கிறது, விரல்கள் நாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன, நடுவில் நாலு விநாடி ஆள் மட்டும் இல்லை. யார் அந்த நாரை உரித்தது? அதைவிட, நாலு விநாடி முடிந்ததும், அடி என்று சொன்னது யார்? சொல்லாமல் விட்டிருந்தால் கேட்க யார் இருந்தார்கள்? தண்ணீர் விட்டு வேகவைத்து அன்று ராத்திரி அந்த அவரைக்காயைப் பொரியல் செய்து சாப்பிட்டிருக்கிறாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றுகூட நினைத்தாள்.

மில்லில் முப்பத்தொரு வருடம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவளுக்கு மௌனத்தில் எத்தனை வகை என்று தெரியும். காதில் மாட்டிய கருவி, முன்னால் ஓட்டை ஓட்டையாகப் பலகை, பிளக்கைச் செருகினால் வெளியூர் டிரங்க் லைன் மழை பெய்கிற மாதிரி இரையும். சத்தத்தைப் பழகிக்கொள்வது சுலபம். சத்தமில்லாததைப் பழகிக்கொள்ளத்தான் ஐந்தாறு வருடம் பிடித்தது. அறுந்துபோன லைன் ஒன்று, அதற்கு ஆழம் இருக்காது, சுவரில் காதை வைத்த மாதிரி இருக்கும். மறுமுனையில் ஆள் இருந்துகொண்டு பேசாமல் இருக்கிற லைன் இன்னொன்று, அதற்குள் ஓர் அறை இருக்கும், அறைக்குள் காற்று இருக்கும், யாரோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியது இருக்கும். "ஹலோ, ஹலோ" என்று முதலாளி கத்திவிட்டு, "என்னம்மா, லைன் செத்துப்போச்சா?" என்பார். "இல்லீங்க சார், ஆள் இருக்காங்க, லைன்லயே இருங்க" என்பாள். ஒருநாளும் தப்பானதில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் தொண்டையைக் கனைப்பது கேட்கும். அப்படியானால் அந்த மூன்று பதினேழு எந்த வகை? அறுந்ததா, ஆள் இருந்ததா? அவளுக்கு அன்றைக்குக் காதில் கருவி இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இந்த உலகத்தில் அவள் தைரியமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் அதுதான், அதற்கு அவளுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அடிக்காமல் விட்டது செவ்வாய்க்கிழமை மட்டுமல்ல. போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பினாள், அவ்வளவுதான் ஞாபகம். கண் திறந்தபோது கன்னத்துக்கடியில் சமையலறைத் தரை ஜில்லென்று இருந்தது. பால் பொங்கி, அடுப்பை அணைத்து, மேடையில் வழிந்து, சொட்டுச் சொட்டாக அவள் முழங்கை பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. கேஸ் வாடை. ஏதோ அழுகியிருக்கிறது, எடுத்துக் கொட்ட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு ஊர்ந்து போய்க் கதவைத் திறந்தாள். திறந்த கதவருகில் உட்கார்ந்து வெளிச்சத்தைப் பார்த்தாள், அந்த வெளிச்சம் என்ன மாதிரி இருந்தது, முருங்கை இலை ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணிப் பார்க்கலாம் போல. சாகவில்லை என்பதற்கு இத்தனை பச்சையா? மேட்டுத் தெருவில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரியில் இதே பேஸ்மேக்கருக்கு இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்றார்கள். அவள் மில் பென்ஷன் மாதம் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. ஏசி குளிரில், தண்ணீர் டம்ளர் வைத்து, சோபாவில் உட்காரவைத்துத்தான் சொன்னார். டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். இங்கே அட்டை இருந்தால் காசில்லை. இங்கே வேண்டியது காசல்ல, ஆள். காசு இல்லாதவளுக்கு ஒரு வழி விட்டிருக்கிறார்கள், ஆள் இல்லாதவளுக்கு எந்தப் பக்கம் வழி என்று யோசித்தபோது உள்ளே எதுவோ மாடிப்படியில் ஒரு படி குறைந்த மாதிரி தடுக்கியது. கைப்பிடியை இறுகப் பிடித்தாள். ஒன்று. இரண்டு. அடித்தது. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறைப் படம் மங்கி, மறுபடியும் தெளிந்தது. இதோ, இப்போதும் யாரோ அடி என்று சொன்னார்கள்.

பதினொன்று ஐந்து. போனை எடுத்தாள். பதினாலு பெயர். முதல் பெயர் அண்ணன், போய் ஆறு வருடம், எண்ணை அழிக்கவில்லை. போர்டில் உட்கார்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: "ஊருக்கே லைன் குடுக்கலாம். சொந்தக் கால் மட்டும் கூடாது." முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவை கூட அவள் தனக்காகப் பிளக்கைச் செருகியதில்லை. அப்பாவுக்கு முடியாமல் போன அன்றுகூட, வேலை முடிந்து, போஸ்ட் ஆபீஸ் வரை நடந்து, காசு கொடுத்துப் பேசினாள். கம்பெனி போய்விட்டது, போர்டு பழைய இரும்புக்குப் போய்விட்டது, சூப்பர்வைசர் சாம்பலாகிப் பல வருடமாகிறது, ஆனாலும் இந்தக் கட்டைவிரல் தனக்காக ஒரு பெயரை அழுத்த வேண்டுமென்றால் யாரோ பின்னால் வந்து நிற்பது போல் கூசுகிறது. மாடி வீட்டு மேகலா பனியன் கம்பெனியில் இருக்கிறாள், அரை நாள் விட்டு வந்தால் அவளுக்கு அரை நாள் கூலி போகும். சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று அவளாகவே சொன்னாளே, அதற்குமேல் என்ன கேட்பது. மில்லில் கூட இருந்த பிரமிளாவுக்கு முழங்கால். அண்ணன் மகன் சசிதரன் ஓசூரில். அழுத்திவிட்டாள். "சொல்லுங்கத்தை" என்றான். பின்னால் நாலைந்து குரல், நாற்காலி இழுக்கிற சத்தம், கண்ணாடிக் கதவு மூடுகிற சத்தம். மீட்டிங்கில் இருந்து வெளியே வருகிறான் என்று அவன் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்தது. விஷயத்தைச் சொன்னாள். அவன் பதறியது நிஜமான பதற்றம். "ஏங்கத்தை முன்னாடியே சொல்லலை? இன்னிக்கு நான் எப்படிக் கிளம்பறது, இங்க ஆடிட்டு நடக்குது. நாலு நாள் தள்ளி வெச்சுக்க முடியாதா? ஞாயித்துக்கிழமை காலையில நான் அங்க இருப்பேன்." ஞாயிற்றுக்கிழமை பேஸ்மேக்கர் வைக்க மாட்டார்கள். "அதெல்லாம் ஒண்ணும் அவசரமில்ல கண்ணு. சும்மா தகவலுக்குத்தான் கூப்பிட்டேன். நீ வேலையைப் பாரு." வைத்த பிறகு தன் குரலையே தான் ஒட்டுக்கேட்ட மாதிரி இருந்தது. எவ்வளவு தெளிவான குரல், பிசிறே இல்லை. முப்பத்தொரு வருடம் அடுத்தவர்களுக்காகப் பழகிய குரல் அது, பொய் சொன்னால் கூடக் கரகரக்காது.

பங்கஜம் இருந்தால் இந்தப் பாரம் இந்நேரம் உள்ளே போயிருக்கும். அவளுக்குக் கேட்பதில் கூச்சமே கிடையாது. ஒரே ஒரு வருடம் வாழ்ந்துவிட்டுத் தாலியில்லாமல் திரும்பி வந்தவள். ஜாதகம் கூடவில்லை என்பதில் ஆரம்பித்து அப்புறம் யாரும் பேச்சே எடுக்காமல் போன சம்பூரணம். இரண்டு பேருமாக முப்பத்தெட்டு வருடம் ஒரே வீடு, ஒரே குக்கர். யாருக்கு முடியவில்லை என்றாலும் மற்றவள் உடனிருப்பவர். கர்ப்பப்பையை எடுத்தபோது பங்கஜம்தான் கையெழுத்துப் போட்டாள். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதிவிட்டாள். தனக்கு அக்கா என்றுதானே அவளுக்குத் தோன்றும், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க அவளுக்குத் தெரியாது. பாரம் வாங்கியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "நீங்க அக்காவா? பாத்தா தங்கச்சியாட்ட இருக்கீங்க" என்றார். பங்கஜம் தப்பைத் திருத்தவேயில்லை. மயக்கம் தெளிந்து சம்பூரணம் கண் விழித்ததும் முதலில் சொன்னது அதைத்தான். "உன்னைவிட எனக்கு வயசு கம்மியாத் தெரியுதாம், கவர்மெண்டே சொல்லிருச்சு." தையல் பிரித்துக்கொள்ளுமோ என்று பயந்து சிரிப்பை அடக்கியதில் கண்ணில் நீர் வந்தது. இப்போதும் வந்தது. அவள் போய் மூன்று வருடமாயிற்று. அவள் படுத்திருந்த பக்கம் பாய் இன்னும் மெத்தென்று இருக்கிறது, இவள் பக்கம்தான் தேய்ந்துகொண்டு வருகிறது.

"ஏனுங்கம்மா, வந்ததுலருந்து அந்த போனையே அடை காத்துட்டு இருக்கறீங்க. குஞ்சு பொரிக்குமாட்ட இருக்குதே?" பக்கத்து நாற்காலிக்காரி. அறுபது இருக்கும், மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, காலடியில் சாப்பாட்டுத் தூக்குப் போசி, சுருட்டிக் கட்டிய பாய். சம்பூரணம் காலையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வார்டுக்குள் போவதும் வருவதும், துப்புரவுப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், லிப்ட் எப்போது வேலை செய்யும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வதும். சம்பூரணம் புன்னகைத்துப் போனை மடியில் கவிழ்த்தாள். "நா ரங்காத்தா. புளியம்பட்டிப் பக்கம். எங்கூட்டுக்காரரு பதினோராம் நெம்பர் பெட்டு. ஒம்பது நாளாச்சுங்க. அடைப்பை எடுத்துப்போட்டாங்க, இப்ப என்னையவே வைய ஆரம்பிச்சுட்டாரு, அதுனால நல்லாயிட்டாருன்னு அர்த்தம்." சொல்லிவிட்டுத் தன் போனை நீட்டினாள். பழைய பட்டன் போன், ரப்பர் பேண்டு சுற்றியது. "படிச்சவங்களாட்ட இருக்கறீங்க. திருப்பூர்ல என்ற மவ இருக்கறா, அவ நெம்பரு எதுன்னு தெரியலீங்க, இவரு படுத்ததுலருந்து ஆராவது போட்டுக் குடுத்தாத்தான் உண்டு. போட்டுக் குடுங்." சம்பூரணம் வாங்கினாள். அந்தப் போனில் நாலே பெயர்தான், அதில் ஒன்று பால் சொசைட்டி. எண்ணை அழுத்தி, காதில் வைத்து, அந்தப் பக்கம் மணி அடிக்கிறதைக் கேட்டு, ஒரு பெண் குரல் "அம்மா?" என்றதும், தானாகவே வந்தது: "கொஞ்சம் லைன்ல இருங்க, கொடுக்கறேன்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. எத்தனை வருடமாயிற்று இந்த வாக்கியத்தைச் சொல்லி. உதட்டில் அப்படியே பழசு மாறாமல் இருந்தது.

ரங்காத்தாள் பேசிக்கொண்டிருந்தாள். எருமைக்குத் தண்ணீர் காட்டினாயா, சின்னவனுக்குச் சளி போயிற்றா, அப்பனுக்கு நாக்கு மட்டும் நன்றாக இருக்கிறது. சம்பூரணம் கேட்காதது போலக் கேட்டாள், போர்டில் பழகிய கேட்பு அது, அர்த்தத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேட்பது. என்ன சுகமான குரல், உலைமூடி தூக்கித் தூக்கி விழுகிற மாதிரி. முப்பத்தொரு வருடம் இப்படித்தானே. இரண்டு பேரைச் சேர்த்துவிட்டு நடுவிலிருந்து தான் விலகிக்கொள்வது. சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் போர்டில் சாவியைத் தட்டி வெளியே வந்துவிட வேண்டும், அதுதான் மரியாதை. வாழ்க்கை பூராவும் அந்த மரியாதையைக் காப்பாற்றியாகிவிட்டது. பதினொன்று நாற்பது. வார்டுக் கதவுக்கு மேலே பெரிய கடிகாரம், விநாடி முள் துள்ளித் துள்ளிப் போயிற்று, ஒவ்வொரு துள்ளலுக்கும் நடுவில் அது நின்றுதான் நகர்கிறது என்பதை இத்தனை நாள் கவனித்ததில்லையே. நின்று, நின்று, அப்படித்தான் எல்லாமே ஓடுகிறது போல. ஒரு துள்ளலுக்கும் அடுத்ததற்கும் இடையில் இந்த ஆஸ்பத்திரி, வாசலில் இளநீர் விற்கிறவன், திருப்பூர் எருமை, எல்லாம் ஒரு கணம் எதன் கையிலோ இருந்துவிட்டுத் திரும்ப வருகின்றன. ரங்காத்தாள் பேசி முடித்து, "வெச்சுப்போடுங்க இதை, எனக்கு அமத்தத் தெரியாது" என்று போனை நீட்டினாள். சம்பூரணம் வாங்கினாள், அணைத்தாள், திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு ஒரு உதவி வேணுங்க" என்றாள். இந்தக் குரலில் பிசிறு இருந்தது. சொந்தக் கால். நடுவில் ஒருதரம் படி தடுக்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முழுவதையும் சொன்னாள்; பாரம், பன்னிரண்டு மணி, ஓசூர், மூன்று வாரம், அவரைக்காய்கூடச் சொன்னாள். ரங்காத்தாள் மோவாயில் கை வைத்துக் கேட்டாள். "அட, இதுக்காங் காலையிலருந்து சும்மா உக்காந்திருக்கறீங்க?" என்றாள். "வாயில என்ன புண்ணா? நா ஒருத்தி பக்கத்துல குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறேன். ஆனா ஒண்ணுங்க, நமக்குக் கைநாட்டுதான், கையெழுத்து வராது. ஒத்துக்குவாங்களா?" "ஒத்துக்குவாங்க." "அப்பப் பேரெல்லாம் நீங்களே எழுதிப்போடுங்க. பழனிச்சாமி சம்சாரம் ரங்காத்தா." சம்பூரணம் எழுதினாள். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. "நாம உங்களுக்கு என்ன முறைன்னு போடறது?" என்றாள் ரங்காத்தாள், பாரத்தில் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டே, படிக்கத் தெரியாவிட்டாலும் காலியிடம் தெரியாதா. "கூடப் பொறந்தவன்னு போட்டுருங்க. ரத்தத்தை எடுத்தா சோதிக்கப் போறாங்க?" என்றவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அட, இங்க அதைத்தானே சோதிக்கறாங்க" என்று தானே சிரித்தாள். தங்கை என்று எழுதலாம், வயது சரியாக இருக்கும். அந்தச் சொல்லுக்கு ஆள் இருந்தாள், அந்த இடம் இன்னும் மெத்தென்று இருக்கிறது. பேனா முனையில் மை ஒரு புள்ளியாகத் திரண்டது. பிறகு சம்பூரணம், வளைவுகளை நிதானமாகப் போட்டு, 'அக்கா' என்று எழுதினாள்.

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு ஸ்டெல்லா சிஸ்டர் பாரத்தை வாங்கினாள். ரங்காத்தாளை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பதினோராம் நெம்பர் ஆளாச்சே." "ஆமாங் சிஸ்டர். இவங்களுக்கும் நாந்தான். அங்க ஆம்பளைங்க, இங்க பொம்பளைங்க, நடுவுல ஒரு கதவுதானே, எனக்குக் கால் ரெண்டு இருக்குது." சிஸ்டர் பாரத்தைப் படித்தாள். உதடு கொஞ்சம் வளைந்தது. "இவங்க உங்க அக்காவாம்மா? உங்களைவிடச் சின்னவங்களாட்ட இருக்காங்களே." சம்பூரணம் தரையைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்தாள். "அப்படித்தாங்க எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள். அந்த நேரம் அவளுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது போலிருந்தது, தையல் பிரிந்துவிடக் கூடாதே என்பது போல. சிஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ. மேஜை டிராயரைத் திறந்து மைப் பெட்டியை எடுத்து ரங்காத்தாள் பக்கம் தள்ளினாள். "இடது கை பெருவிரல். நல்லா அழுத்துங்க." ரங்காத்தாள் அழுத்தினாள். வெள்ளை இடத்தில் நீலமாக ஒரு சுழி, நடுவில் கண் வைத்து, சுற்றிச் சுற்றி வட்டம் வட்டமாக, குளத்தில் கல் போட்டது போல விழுந்தது. இதையும் இதுவரை பார்த்ததில்லை என்று சம்பூரணம் நினைத்தாள், ஒரு விரலுக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது.

பெண்கள் பக்கம் ஒன்பதாம் நம்பர் படுக்கை. மார்பில் மூன்று வயர் ஒட்டி, தலைமாட்டில் துடிப்பைக் காட்டும் பெட்டியைப் போட்டுவிட்டு நர்ஸ் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள். பச்சைக் கோடு கரும் திரையில் எழுந்து எழுந்து விழுந்தது, எழும்போதெல்லாம் சின்னதாக ஒரு மணி. ரங்காத்தாள் கால்மாட்டில் உட்கார்ந்து, பையிலிருந்து டம்ளரை எடுத்து வைத்து, சோப்பை முகர்ந்து பார்த்து, "வாசமாத்தான் வாங்கறீங்க" என்றாள். சம்பூரணம் கேட்டுக்கொண்டிருந்தாள். இதுதான் அது. முகமில்லாத அந்த ஆள் இப்போது குரலோடு வந்திருக்கிறார், ஒற்றை எழுத்து, திரும்பத் திரும்ப அதையே, சலிக்காமல். எழுபத்தொரு வருடத்துக்குப் பிறகு அவள் காதில் கருவியை மாட்டியிருக்கிறார்கள். மணி. மணி. மணி. பிறகு மணி இல்லை. கோடு நேராக ஓடியது. ரங்காத்தாளின் கையிலிருந்து சோப்பு விழுந்தது. "ஐயோ சிஸ்டர், நின்னு..." என்று எழுந்தவளை நோக்கிச் சம்பூரணம் ஒரு விரலை உயர்த்தினாள், போர்டு அறைக்குள் சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிறவர்களை நிறுத்துகிற அதே விரல். கண்ணை மூடி, இத்தனை வருடப் பழக்கத்தையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கேட்டாள். சுவர் இல்லை. உள்ளே ஓர் அறை இருந்தது, பெரிய அறை, அதில் காற்று இருந்தது, யாரோ சொல்ல வாயெடுத்திருந்தார்கள்.

"சத்தம் போடாதீங்க" என்றாள் மெல்ல. "ஆள் இருக்காங்க."

மணி அடித்தது.